தாரிக் தாலி

"கயிறு இல்லாம என்னத்தத் தம்பி இழுக்கிறது? காத்தையா?" என்றாள் அன்பரசி.

மலேசியாவின் ஜெராம் திடலில் அவளுடைய மகளிர் அணி மஞ்சள் பனியனும் கடுப்புமாக வெயிலில் நின்றது. கயிறு கொண்டுவர வேண்டிய ஆள் ஃபோனையே எடுக்கவில்லை. உமாபதி மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தான். கயிறு இழுக்கும் போட்டிக்கு விளம்பர வீடியோ. செலவு ரவாங் நகைக்கடைக்காரர் மகேந்திரனுடையது. செலவு என்ன பெரிய செலவு! கேமராமேன், டைரக்டர், எடுபிடி எல்லாம் உமாபதி ஒருவனே. மாலைக்குள் அனுப்பவேண்டும். இதையும் சொதப்பினால் பழைய கையுறைத் தொழிற்சாலைதான் கதி.

மனைவி கங்காவுக்கு அவசரமாகத் தட்டிவிட்டான்: "tali eduthuttu vaa. izhukkanum."

கங்கா வந்தாள். கயிறு வரவில்லை. அவள் அப்பா சேது, செம்பனைக் குலை ஏற்றும் தன் லோரியோடு வந்திருந்தார்.

"ட்ரோன் வாங்க வளையல் போச்சு. ட்ரோன் ஆத்துல போச்சு. இப்பத் தாலியுமா?" கங்கா அழுதேவிட்டாள்.

"ஐயோ, அந்தத் தாலி இல்லலா! முதலாளியே எழுதியிருக்காரு, பாரு!"

நீட்டிய ஃபோனைச் சேது வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "'tali nalla theriyanum.' எவன்டா அவன், எம்மவ தாலியப் பாக்கணும்கிறவன்?" உமாபதியின் காலர் அவர் கைக்குப் போனது.

"மாமா! மலாய்ல தாலின்னா கயிறு! தாரிக் தாலின்னா கயிறு இழுக்கிறது! சத்தியமா!"

"அதக் கயிறுன்னு அடிச்சா வெரலு தேஞ்சிருமா?" சேது லோரிக் கயிற்றை அவிழ்த்து எறிந்தார்.

கயிறு முழுக்கச் செம்பனை எண்ணெய். இழுத்ததும் அணி மொத்தமும் வழுக்கி உட்கார்ந்தது. பிடிமானத்துக்கு உமாபதி மணலைத் தடவினான். கயிறு மண்ணோடு மண்ணாகிக் கண்ணுக்கே தெரியவில்லை. கிட்டே போய்ப் படம் எடுத்தால், குனிந்த அக்காமாரின் தாலிகள் ஆடி அதை மறைத்தன.

"தாலியெல்லாம் பனியனுக்குள்ள போடுங்கக்கா! முதலாளிக்குக் கயிறு பளிச்சுனு தெரியணும்!"

கங்கா லோரியில் ஏறினாள். "இனிமே என் கழுத்துப் பக்கம் ஒங்க ஃபோன் வந்துச்சு, அதுவும் ஆத்துக்குத்தான்."

அணியும் கலைந்து போனது. உமாபதி தலையெழுத்தை நொந்தபடி வீடியோவை அனுப்பிவிட்டு, காலித் திடலில் உட்கார்ந்தான். எப்படியோ முடிந்தது, சனியன்.

ஃபோன் அடித்தது. நகைக்கடையில் வேலை செய்யும் விஷாலினி.

"கயிறு சூப்பர்ண்ணே. முதலாளி கேட்ட தாலி எங்க?"