படகுக்கு அடியில் பெரட்டு

மஸ்கெலியா
11.03.2025

மதிப்புக்குரிய நீர்கொழும்பு மாமா செல்லசாமி அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி மகன் கிஷாந்த் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். மரியாதை இதோடு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொள்கிறார், அதனால் பஸ் டிரைவர் ஜீவராஜிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன். படகு வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொந்தக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். வாங்கினால் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி மீன் பிடிக்கக் கூட்டிப்போய் இங்கேயே பிழைப்பேன். இல்லாவிட்டால் கட்டாருக்கு ஜெனரேட்டர் பார்க்கும் வேலைக்குப் போவேன். அம்மாவோ, "எங்க அண்ணன் சொல்லட்டும்" என்று உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் "வாங்கு" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நீங்கள் காட்டிய மூன்று படகில் முதலாவது தெற்கே பார்த்து நிற்கிறது என்று அம்மா தள்ளிவிட்டார். திருப்பி வைக்கலாம் என்றேன். "இத்தன நாளா பாத்துருச்சுல்ல" என்றார். இரண்டாவது போட்டோவுக்கு எடுப்பாக இல்லை என்று தங்கச்சி வினோதா சொல்லிவிட்டாள். மூன்றாவதை எடுக்கச் சொன்னது அப்பா. பெரிய மீனை இழுக்கும்போது உட்கார, பெல்ட் வைத்த சுழல் நாற்காலி அதில் இருக்கிறதே, சலூன் நாற்காலி மாதிரி, அதில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. முப்பது வருஷம் கங்காணியாக நின்றே வேலை வாங்கியவர். நான் எஞ்சினைத் திறந்து பார்த்தேன், அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன், பழுதில்லை. ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி லொறியில் ஏற்றிவிட்டார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் கண்டவனெல்லாம் "கடல் எங்கப்பா?" என்று கேட்டான்.

பழைய மஸ்கெலியா மவுசாகலை அணைத் தண்ணீருக்குள் கிடப்பது உங்களுக்குத் தெரியும். அப்பா பிறந்த தோட்டத்து லய வீடும் அதற்குள்தான், தண்ணீர் ஏறும்போது அவருக்கு ஆறு வயது. முதல் நாள் காலை ஆறரைக்கு, கை நீட்டினால் விரல் தெரியாத பனிமூட்டத்தில் இறக்கினோம். நடுத்தண்ணீருக்குப் போனதும் மீன் காட்டும் திரையில் இரண்டு வரிசையாக நிமிர்ந்த கோடுகள். பட்ட மரம் என்றேன். இரண்டாம் நாளும் அதே இடத்தில் அதே வரிசை, ஆனால் சில கோடுகள் சாய்ந்திருந்தன, கால் மாற்றி நிற்கிற மாதிரி. மூன்றாம் நாள் ஒரு கோடு குனிந்து நிமிர்ந்தது. மரம் குனியாது மாமா. சேற்றிலிருந்து வாயு கிளம்புகிறது என்றேன்.

அப்பா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். "இது பெரட்டுடா."

"எதுப்பா?"

"காலையில வேலைக்கு அனுப்ப முன்னால ஆள் நிறுத்துவோமே, அதுதான். அங்கிட்டு ஆம்பளைங்க, இங்கிட்டு பொம்பளைங்க. முதுகுல கூடை தெரியல?" விரலால் எண்ணினார். "முப்பத்தெட்டு. கங்காணி எடம் மட்டும் காலி. பேர் கூப்பிட ஆளில்லாம நிக்கிறாங்கடா, அம்பது வருசத்துக்கு மேல."

எஞ்சினை நிறுத்தினேன். காற்றில்லை, அலையில்லை. படகு மட்டும் ஆடியது.

அன்றிலிருந்து அப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு யார் யார் பேரையோ முணுமுணுக்கிறார். கேட்டால், "ஆறு வயசு வரைக்கும் தெனம் விடிய கேட்ட பேரு, மறக்குமா?" என்கிறார். அம்மா அடுப்படியில் அழுகிறார்: "அந்த மனுசன் கூப்பிடாம இருக்க மாட்டாரு. கூப்பிட்டா கூடவே எறங்கிப் போயிருவாரு. எனக்கு அந்தப் படகு வேணாம்."

டிப்ளோமா படித்தவன் சொல்கிறேன்: படகில் குறையில்லை, குறை திரையில். சொந்தக்காரரிடம் கேட்டு வேறு திரை அனுப்பவும். நாளைக் காலை அப்பாவை அந்த நாற்காலியில் பெல்ட் போட்டு இறுக்கி, ஆசை தீரக் கூப்பிடவிட்டு, ஒன்றும் நடக்காது என்று எல்லோருக்கும் காட்டி இந்தக் கதையை முடிக்கிறேன்.

அத்தைக்கு நடக்கவும் உங்களுக்குச் சீக்கிரம் முடிவெடுக்கவும் கதிர்காமத்தான் பலம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஆ. கிஷாந்த்

பி.கு. (12.03): நேற்று பஸ் ஓடவில்லை. மேலே திரையைப் பற்றி எழுதியதை அடித்துவிடவும். இன்று ஆறரைக்கு அப்பா கூப்பிட்டார். பேருக்கு ஒன்றாகக் கோடு வரிசையை விட்டு விலகிப் போயிற்று. முப்பத்தெட்டாவது பேரோடு திரை காலி. அப்பா எங்கேயும் இறங்கவில்லை, நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அம்மா அழுகையை நிறுத்தினார், நான் சிரித்தேன். பின்னேரம் நாலரைக்குப் படகைக் கட்டப் போனோம். கரையோரம் முழுக்கப் பச்சைத் தேயிலைக் கொழுந்து, பக்கத்தில் பக்கத்தில் குவியல். தண்ணீர் சொட்டச் சொட்ட. ஒரு முற்றல் இலை இல்லை. அம்மாதான் ஒவ்வொரு குவியலாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலைக்கு அனுப்பிட்டு எடை போடாம விடலாமாடா? படகை வாங்கு. நாளைக்கும் பேர் கூப்பிடணும்."

ஆகவே வேறு திரை வேண்டாம். நல்ல தராசு ஒன்று அனுப்பவும்.