நாலடி வலப்பக்கம்

ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் கடவுள் ஓய்வெடுத்தார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகிப் பதினெட்டு வருஷம். பெரியநாயக்கன்பாளையத்தில் ஆறு நாள் கம்பெனி வேலை, ஏழாம் நாள் மனைவி ஜோஸ்லின் கொடுக்கும் வேலை. அசதி எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது. அதனால்தான் அந்தப் பெரிய முடிவை எடுத்தேன். இனி ஞாயிறுதோறும் நான் கோல்ஃப் ஆடப் போவேன்.

கோல்ஃப் மேல் ஆசையா? சத்தியமாக இல்லை. மேனேஜர் சாய்கிருஷ்ணா கூப்பிட்டார். "சிப் ஷாட் மட்டும் பழகிட்டு வாங்க லியோ, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று ஒரு பழைய மட்டையும் ஒரு பந்தும் கொடுத்தார். பச்சைப் புல், நாற்காலி, காபி. நாலு மணி நேரம் யாரும் என்னை ஒட்டடை அடிக்கச் சொல்ல மாட்டார்கள்.

"ஏனுங்க, சிப்புனா நேந்திரங்காயா, உருளைக்கெழங்கா?" என்றாள் ஜோஸ்லின்.

"திங்கறது இல்ல அம்மணி. பந்தை மெதுவா எம்ப வெச்சு, குழிக்குப் பக்கத்துல உழுக வெக்கறது."

"அவ்வளவுதானுங்களா? பத்தடியில வாளி வெக்கறேன். ஒருக்கா உள்ள உழுந்துட்டா, அன்னைக்கிருந்து ஞாயித்துக்கெழமை உங்களுது."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

"ஒரே ஒரு ரூல்ஸுங்க. பந்து எங்க உழுகுதோ, அங்க இருக்கற வேலைய முடிச்சுப்போட்டுத்தான் அடுத்த காரியம். கோல்ஃப்லயும் அப்படித்தானாம், போன்ல பாத்தேன்."

திங்கள் சாயங்காலம் அடித்தேன். பந்து முருங்கை மரத்தடிச் சருகுக்குள் போய் விழுந்தது. மூன்று கூடை அள்ளினேன். கையெல்லாம் கம்பளிப்பூச்சி அரிப்பு. இன்னொரு தடவை அடிக்கத் தெம்பு இல்லை. செவ்வாய், மோட்டார் ரூமுக்குள். எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த கதவு அன்றைக்கென்று திறந்திருந்தது. புதன், அடைத்துக் கிடந்த சாக்கடை. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். வியாழன், தேங்காய் மட்டைக் குவியல்.

பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் அக்கா காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க லியோ, மட்டையில கூட்டறீங்களா, வெளக்குமாத்துல வெளையாடறீங்களா?"

"கோல்ஃபுங்க்கா."

"எங்கூட்டுக்காரருக்கும் சொல்லிக் குடுங்க. எங்கூட்டுச் சாக்கடையும் அடைச்சுத்தான் கெடக்குது."

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெருக்கல் வரவே வராது. அந்த வாரம் நன்றாக வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கோழிக்கூண்டைக் கழுவும்போதுதான் உறைத்தது. வாளி தினமும் இடம் மாறுகிறது. என் அடி மட்டும் மாறுவதே இல்லை. எப்போதும் வாளிக்கு வலப்பக்கம் நாலடி. எந்த வேலை ஆக வேண்டுமோ, அதற்கு இடப்பக்கம் நாலடியில் அவள் வாளியை வைக்கிறாள்!

அடிப்பாவி. ஆனால் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். வாளிக்கு இடப்பக்கம் நாலடி தள்ளிக் குறி வைத்தால் பந்து நேரே வாளிக்குள். அவளிடம் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை இடுப்புப் பிடித்துக்கொண்டதால் மட்டையைத் தொடவே இல்லை.

ஞாயிறு காலை ஆறு மணி. மேனேஜர் ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். வாளி வாசல் நடுவில் இருந்தது. அதற்கு வலப்பக்கம் வெறும் சிமெண்டுத் தரை, சுத்தமாக இருந்தது. பாவம், அவளுக்கே வேலை தீர்ந்துவிட்டது போல. இடப்பக்கம் நாலடி குறி வைத்தேன். மணிக்கட்டை மடக்காமல் தோளிலிருந்து மெல்ல ஆட்டினேன். பந்து எம்பியது. வாளிக்குள் தொபுக்கென்று விழுந்தது.

"அம்மணி, ஜெயிச்சுப்போட்டேன்! நான் கெளம்பறேன்!"

"தாராளமாப் போங்க. ரூல்ஸை மட்டும் முடிச்சுப்போட்டுப் போங்க. பந்து எங்கீங்க உழுந்துச்சு?"

"வாளிக்குள்ள."

"வாளிக்குள்ள என்ன இருக்குதுங்க?"

எட்டிப் பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் நாலு பெட்ஷீட்டும் ஜன்னல் ஸ்கிரீனும் ஊறிக்கொண்டிருந்தன. துவைத்து, அலசி, பிழிந்து முடிப்பதற்குள் கோல்ஃப் முடிந்து பூசைக்கு மணி அடித்துவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னைக்கு நான் கரெக்டா அடிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஜோஸ்லின் சோப்பை என் கையில் வைத்தாள்.

"ரெண்டு நாளாத் தூக்கத்துல 'எடப்பக்கம் நாலடி, எடப்பக்கம் நாலடி'ன்னு நீங்கதானுங்களே பொலம்புனீங்க!"