கொச்சியில் வெள்ளம் உண்டு

ராயப்பன்பட்டி

அன்பு மகன் ஆண்டனி ராஜுக்கு அப்பா ஆரோக்கியசெல்வம் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம். பெங்களூரில் நீ, மருமகள் ரோஸ்லின், பேத்தி சினேகா மூவரும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். போனில் பேசினால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

உன் ஐந்து நாள் லீவுக்கு நீ போடச் சொன்ன திட்டம் தயார். சினேகாவுக்குக் கொச்சியில் சறுக்கி விளையாடும் தண்ணீர்ப் பார்க் வேண்டும், ரோஸ்லினுக்குத் தேக்கடிக் காடு வேண்டும். யாருக்கும் மனக்குறை வரக் கூடாதென்று திராட்சை நிறுப்பதுபோல நிறுத்து, பார்க்குக்கு இரண்டு நாள், காட்டுக்கு இரண்டு நாள் என்று பிரித்துவிட்டேன். காட்டுப்பன்றி தோட்டத்துக்குள் வராமலிருக்க நான் வேலி போட்டுக்கொண்டிருக்கிறேன், என் மருமகள் அதைப் பார்க்கப் படகில் டிக்கெட் கேட்கிறாள். போகட்டும். மீதி ஒரு நாளில் போக வர காரிலேயே பாதி கழிந்துவிடும். வீட்டுக்கு ஓர் இரவுதான் மிஞ்சுகிறது. மெத்தைப் பஞ்சைப் புதிதாக அடித்து வைத்திருக்கும் உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "வர்றவுக நம்ம வீட்ல எப்பங்க சாப்பிடுவாக?" என்று மட்டும் கேட்டாள்.

சறுக்குமரங்கள் ஓடுகின்றனவா என்று பார்க்குக்குப் போன் போட்டேன். எடுத்தது ஷீபா என்ற பெண். ஸ்பீக்கரில், "வெள்ளம் இஷ்டம்போல உண்டு, தைரியமா வந்நோளூ" என்றாள். அவ்வளவுதான், உன் அம்மாவைக் காணோம். தேடிப் போனால் நம் தெரு அன்பியக் கூட்டத்தில் கொச்சி மக்களுக்காக ஜெபமாலை ஓடிக்கொண்டிருக்கிறது, இவள்தான் முன்னே முழங்காலில் நிற்கிறாள். பிறந்தது கடமலைக்குண்டு. இத்தனை வருஷம் கேரள எல்லையை ஒட்டி இங்கே குடித்தனம் நடத்தியும் மலையாளத்தில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர் என்பது தெரியவில்லை. எல்லார் முன்னாலும் விளக்கினேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில், "அப்ப வெள்ளமே இல்லையா? பிள்ளைக போயிருவாகளா?" என்றாள். ஓர் ஊர் பிழைத்ததற்கு இவ்வளவு வருத்தப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்று வருஷமாயிற்று, தம்பி, நீ இந்த வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டு. சினேகா காலையில் தூங்கி எழுந்து வரும் முகத்தை நாங்கள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறோம்.

ஆனாலும் பிள்ளைகளின் ஆசைதான் பெரிது. பார்க்குக்கும் படகுக்கும் டிக்கெட் போட்டாயிற்று, திட்டத்தில் மாற்றமில்லை. சந்தோஷமாகப் போய் வாருங்கள். சினேகாவுக்கு எங்கள் முத்தம், ரோஸ்லினுக்கும் உனக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் மனசு கேட்கவில்லை. எல்லா டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டேன். ஐந்து நாளும் வீட்டிலேயே இருங்கள். வேலியை ஓரிடத்தில் பிரித்து வைக்கிறேன், ரோஸ்லின் பன்றி பார்த்துக்கொள்ளட்டும். சினேகா கேட்டால் கொச்சியில் வெள்ளம் என்று சொல்லிவிடு. மலையாளத்தில் அது பொய்யாகாது.