பலாச்சுளைக்குப் பத்தியம்

பலாப்பழத்தின் மேல் விழுந்த பழியைத் துடைக்காமல் திரும்பி மலை ஏறுவதில்லை என்று சபதம் போட்டுவிட்டுத்தான் சேந்தமங்கலத்துக்கு இறங்கினான் அர்த்தனாரி. பின்னே? மலைமேல் வளப்பூர் நாட்டில் அவன் தோட்டத்துப் பலாவை மிஞ்ச ஒரு பலா உண்டா? முழுப் பழத்தை ஒருத்தனாய் உட்கார்ந்து, தேனில் முக்கித் தின்று தீர்க்கிற ஆம்பிளைதான் உண்டா? அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து அவன் பெண்சாதி அத்தாயி சொல்லிவிட்டாள்:

“ஏனுங்க, நீங்க ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குது. சக்கரை வியாதியேதான். இனிமே பழத்தைத் தொடக் கூடாது.”

“தேன் கையைக் கழுவினதும் அங்கதான் புள்ள!”

“அதை டாக்டரு சொல்லட்டும். அப்புறம் தின்னுங்க.”

தோட்டமே கமகமக்கிறது. இந்தப் பருவம் போனால் இனி அடுத்த வருஷம்தான். விடுவானா?

டாக்டர் அவன் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். நீலம் நீலமாகவே நின்றது.

“உனக்கு நோய் இல்லை. பழம் தின்கிறதால மட்டும் சர்க்கரை வியாதி வந்துடாதப்பா. ஆனா அளவாத் தின்னு. தேனை விட்டுடு. தின்னுட்டுப் படுத்துக்காதே” என்றார்.

அர்த்தனாரிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆனால் ஏற்றம் செங்குத்து, மூச்சு வாங்கியது. சுமையைக் குறைக்க வேண்டாமா? முதல் மேட்டில் ‘அளவா’ என்பதை இறக்கி வைத்தான். அடுத்த மேட்டில் தேனைப் பற்றிச் சொன்னதை. அதற்கடுத்த மேட்டில் படுக்கிற விஷயத்தை. மேலே வந்து சேர்ந்தபோது டாக்டர் பேச்சு ரொம்ப இளைத்துப் போயிருந்தது. பாவம் பார்த்து, அதன்மேல் தானே கொஞ்சம் சதை வைத்தான்.

“நம்ம மலைப் பலா சக்கரை வியாதிக்கே மருந்தாம்! டாக்டரே அசந்து போயிட்டாரு!” என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் முழங்கினான். ஊருக்கே பெருமை பிடிபடவில்லை.

“மருந்துங்களா?” என்றாள் அத்தாயி.

“மருந்தேதான்! தெனமும் திங்கோணும்.”

“அட சாமி, மருந்தைப் போயித் தடுத்தேனே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அர்த்தனாரி மீசையை முறுக்கினான். அவள் தோற்று அவன் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் அத்தாயி அக்கம்பக்கத்தாரை எல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். இலைக்கு இலை கோழிக்குழம்பு, குவியல் குவியலாய்ப் பலாச்சுளை. அர்த்தனாரி முன்னால் மட்டும் உப்பில்லாத சாமைக் கஞ்சியும் ஒற்றைச் சுளையும் வந்தன.

“என்ன புள்ள இது?”

“மருந்து திங்கறவங்க பத்தியம் இருக்கோணுங்களே. உப்பு, புளி, கறி, கள்ளு, பொகையிலை ஒண்ணும் ஆகாது. மருந்தும் ஒரு வேளைக்கு ஒரு சுளைதானுங்க.”

“டாக்டரு பத்தியமே சொல்லலியே!”

“அப்ப மருந்துன்னும் சொல்லலீங்களா?”

பந்தியே கையை நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்த்தது. மானமா, கோழியா? அர்த்தனாரி கஞ்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“சொன்னாரு… பத்தியமும் சொன்னாரு. நாந்தான் மறந்துட்டேன்.”

“எது வரைக்குமுங்க?”

“பழம் தீர்ற வரைக்கும்” என்று முனகிக்கொண்டே கஞ்சியைக் குடித்தான். நிமிர்ந்து பார்த்தால் அத்தாயி இலையில் சுளை மலையாய்க் குவிந்திருக்கிறது. வயிறு எரிந்தது.

“ஏ புள்ள, மருந்துன்னா உனக்குப் பத்தியம் இல்லியா?”

“எனக்கு எதுக்குங்க?” என்றாள் அத்தாயி, அடுத்த சுளையைப் பிய்த்தபடி. “நான் வெறும் பழந்தானுங்களே திங்கறேன்!”