தாளில்லாத பிரிண்டரும் என் பயோடேட்டாவும்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தெரியாதது குற்றமில்லை. தெரியாமலேயே ஆறு மாதம் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் மையத்தின் உதவி மேஜையில் உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், அதுதான் குற்றம்.

அப்போது நான் கல்கத்தாவில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். மாணவர்களுக்கு மாணவர்களே உதவ வேண்டும் என்று மையத்தில் ஓர் ஏற்பாடு. வாரத்தில் மூன்று மதியங்கள் அங்கே இருக்க வேண்டும். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புதியது போட்டுக் கொடுப்பது, வைஃபை வரவில்லை என்பவர்களிடம் “ஆஃப் பண்ணி ஆன் பண்ணு” என்பது. இவ்வளவுதான் வேலை. இரண்டையும் நான் பெரிய டாக்டர் முகத்தோடு செய்தேன். என் அம்மாவோ, “யூனிவர்சிட்டி கம்ப்யூட்டரையெல்லாம் எங்க வித்யாதான் பாத்துக்கறா” என்று லேக் மார்க்கெட் காய்கறிக்காரர் வரை சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அம்மா ஒரு வேலை கொடுத்தாள்.

“ஞாயித்துக்கிழமை கார்டன் ரீச்லேர்ந்து உன்னைப் பொண்ணு பாக்க வரா. உன் பயோடேட்டாவை ரெண்டு காப்பி அடிச்சுண்டு வந்துடு.”

“வாட்ஸ்அப்ல அனுப்பிட்டியேம்மா?”

“பையனோட அப்பா ரயில்வேல ஆபீசரா இருந்தவர். பேப்பர்ல படிச்சாதான் அவருக்குப் படிச்ச மாதிரி இருக்குமாம்.”

அன்றைக்குத்தான் பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஆன்லைனில் நிரப்பி, இரண்டு பக்கம் அச்செடுத்து, நாலு மணிக்குள் தேர்வுப் பிரிவில் கொடுக்க வேண்டும். மாணவர்கள் அனுப்பும் விண்ணப்பங்கள் என் திரையில் வரிசையாக வந்து நிற்கும். நான் தட்டினால் பக்கத்திலிருக்கும் பிரிண்டர் அச்சடிக்கும். மையத்தில் உண்மையாகவே விஷயம் தெரிந்தவர் தபன்தா ஒருவர்தான். (‘தா’ என்றால் அண்ணா. கல்கத்தாவில் ஒரு நாள் மூத்தவரும் ‘தா’தான்.) அவர் இரண்டரை மணிக்கு மீன் குழம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். “சாப்பிட்டுட்டு வந்துடறேன். எதையும் மாத்தாதே” என்றார்.

அவர் தலை மறைந்ததும் என் பயோடேட்டாவை வரிசையின் நடுவே நுழைத்தேன். தட்டினேன். பிரிண்டர் அசையவில்லை. மறுபடி தட்டினேன். லிஃப்ட் வராதபோது பொத்தானைக் குத்துவோமே, அப்படிக் குத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. எதிரே நாற்பது பேர் நின்றார்கள். முதலில் நின்ற சௌமிக் என்ற பி.எஸ்ஸி. பையன், “வித்யாதி, மூணாயிடுச்சு!” என்று அலறினான். (‘தி’ என்றால் அக்கா.)

பிரிண்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். திரையில் வேறு பிரிண்டர்களின் பட்டியல் இருந்தது. அதில் ‘பி.எச். 2’ என்று ஒன்று. பிரிண்டிங் ஹாலாக இருக்கும் என்று நானே அர்த்தம் கற்பித்துக்கொண்டு, மொத்த வரிசையையும் அங்கே திருப்பிவிட்டேன். அடுத்த நொடி எல்லாம் போய்விட்டது. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

தபன்தா வந்தார். பிரிண்டரின் தட்டை இழுத்துப் பார்த்தார். காலி.

“தாளே இல்லாம எதுல அடிக்கும்? உன் முதுகுலயா?”

“இல்ல தபன்தா, நான் எல்லாத்தையும் பி.எச். 2-க்கு அனுப்பிட்டேன்.”

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். “அது ஃபிலாசஃபி டிபார்ட்மென்ட். ரெண்டாவது மாடி. எதிர் பில்டிங்.”

ஓடினேன். பின்னாலேயே நாற்பது பேரும் ஓடிவந்தார்கள். தத்துவத் துறை அலுவலகத்தில் தரையெல்லாம் தாள். பிரிண்டர் இன்னும் துப்பிக்கொண்டிருந்தது. நரைத்த தாடியோடு ஒரு பேராசிரியர் ஒரு கையில் டீயும் மறு கையில் என் பயோடேட்டாவுமாக நின்றார்.

“இந்தப் பெண் நீதானா?” என்றார் வங்காளத்தில்.

தலையாட்டினேன்.

“‘எதிர்பார்ப்புகள்: எதுவும் இல்லை’ன்னு போட்டிருக்கே. இருபத்துநாலு வயசுலேயே இந்த நிலைக்கு வந்துட்டியாம்மா? நான் முப்பது வருஷமா முயற்சி பண்றேன்.”

நாற்பது பேரும் சிரித்தார்கள். அந்தத் தரை பிளந்தால் முதல் மாடிக்காவது போயிருப்பேன். நான் குத்திய குத்துக்கு என் பயோடேட்டா பதினெட்டுப் பிரதி வந்திருந்தது. அதுவும் இரண்டு பக்கம், விண்ணப்பமும் இரண்டு பக்கம். எல்லாம் கலந்து கிடந்தன. பேராசிரியர்கூட முட்டி போட்டுப் பொறுக்கினார். கிடைத்ததைக் கிடைத்ததோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து நீட்டினேன். நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி ஆளும் ஓடினான். மிச்சத்தில் இரண்டு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன் தலை நிமிராமல் தட்டிலிருந்த சந்தேஷ் இனிப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆபீஸ் ஃபைல் படிப்பதுபோல வரி விடாமல் படித்தார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பியதும் நிறுத்தினார்.

“பால்னு போட்டிருக்கிற எடத்துல ஆண்னு இருக்கே?”

அம்மா பதறினாள். “ஐயோ, எங்க பொண்ணு பொண்ணுதான் மாமா!”

“அரியர் பேப்பர் ரெண்டு. ரெண்டும் கணக்கு,” என்று அவர் தொடர்ந்தார். “பி.ஏ.வில கோல்டு மெடல்னு மொதல் பக்கத்துல இருக்கு.”

எனக்குப் புரிந்துவிட்டது. அது சௌமிக்கின் இரண்டாம் பக்கம். அப்போதுதான் பையன் சந்தேஷ் புரையேறும்படி சிரிக்க ஆரம்பித்தார். அவருடைய அம்மா முதுகில் தட்டத் தட்டச் சிரித்தார். வேறு வழியில்லாமல் நடந்ததையெல்லாம் சொன்னேன். என் டாக்டர் முகத்தை அன்று எங்கே வைத்தேனோ, பிறகு கிடைக்கவே இல்லை.

திங்கட்கிழமை சௌமிக் கிட்டத்தட்ட அழுதுகொண்டே வந்தான். அவன் விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் என் விவரங்கள்: கர்நாடக சங்கீதம், கோலம், சமையல். பக்கத்தில் தேர்வுப் பிரிவு சிவப்பு மையில் எழுதியிருந்தது: “இந்தப் பாடங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.”

“பரீட்சை எழுத விடமாட்டாங்களா வித்யாதி? ஒரு வருஷம் போயிடுமே!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தபன்தா என்னைத் தேர்வுப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனார். குற்றம் முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி அதை இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை படித்தது ரசிப்பதற்காக என்று நினைக்கிறேன். சௌமிக்கின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார். அவன் அந்த இரண்டு அரியரையும் பாஸ் பண்ணினான். உதவி மேஜையிலிருந்து என்னை விடுவித்துவிட்டார்கள்.

கார்டன் ரீச்சிலிருந்து பதிலே வராது என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. பையனுக்குச் சம்மதமாம்.

இப்போது சால்ட் லேக்கில் இருக்கிறோம். எங்களுக்குள் சண்டை வந்தால் என் கணவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “ஆண்னு எழுதிக் கொடுத்தும் பண்ணிண்டேனே, என்னைச் சொல்லணும்!” எங்களுக்கு இரண்டு பெண்கள். விருந்தாளி யார் வந்தாலும் அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, “இவ மொதல் அரியர், இவ ரெண்டாவது அரியர்” என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். போன வாரம் பள்ளியில் முழுப் பெயர் கேட்டதற்குச் சின்னவள் அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.