ஓரம் கத்தரிக்கும் ஜெரின்

கத்தரிப்போர் என்றோர் இனம் நம்மிடையே உலவுகிறது, கவனித்திருக்கிறீர்களா? கையில் கத்தரிக்கோல் இருக்காது. கணினியும் ஒரு மவுஸும் போதும்.

திண்டுக்கல் நாகல் நகரில் கட்டட பிளான் போட்டுத் தரும் ஜெரின் இந்த இனத்தின் அசல் வாரிசு. சர்வேயர் அளந்து அனுப்பும் மனைப் படத்தைத் தன் படத்துக்கு அடியில் இணைத்துக்கொள்வார். வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் இழுப்பார். கட்டத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் திரையிலிருந்து மறைந்துவிடும். அழியாது, மறையும். இதற்குப் பெயர் க்ராப். வேலைக்கு வசதியான ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஜெரினுக்கு அது வெறி. பக்கத்து வீட்டுச் சாக்கடையா, க்ராப். வளைந்து நெளிந்து போகும் ஓடையா, க்ராப். மேலிருந்து எடுத்த போட்டோவில் யாரோ காயப்போட்ட புளியா, அது என்ன பாவம் செய்ததோ, அதுவும் க்ராப். வெள்ளைத் தாளில் நாலு கோடு மட்டும் நிற்கும்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வார்: "வேண்டாததத் தூக்கிட்டா எல்லாமே அழகுதாங்க. அம்புட்டுத்தான்!"

அவரிடம் வந்தார் தாஹிரா. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுப்பவர். நத்தம் ரோட்டில் மனை வாங்கியிருந்தார். சர்வேயர் படத்தில், மனையின் ஒரு மூலையில் புள்ளிகளால் ஒரு வட்டம், ‘மூடிய கிணறு’ என்ற எழுத்தோடு. வீடு வரும் இடத்துக்கு அது வெளியேதானே? ஜெரின் க்ராப் செய்தார், அதோடு மறந்தும் போனார்.

ஒரு வாரம் கழித்து தாஹிரா வந்து, "தம்பி, எட்டு பிரியாணி தேக்சா ஒண்ணா அடுப்புல ஏறணும். சமையல்கட்ட இன்னும் பத்தடி நீட்டிவிடு" என்றார்.

ஜெரின் திரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் பளிச்சென்று வெறும் வெள்ளை. நீட்டினார்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட பொக்லைன் வந்தது. ஓட்டியவர் பொம்மையன். சமையல்கட்டு மூலைக்கு வந்ததும் முன்சக்கரம் இரண்டும் பொதுக்கென்று உள்ளே போயின. மனிதர் ஒரே தாவலில் வெளியே விழுந்து, எழுந்து, பத்தடி ஓடி நின்றுதான் திரும்பிப் பார்த்தார். "ஆத்தாடி, அடியில தரையே இல்லையே!"

முழங்கால் சிராய்ப்போடு பொம்மையன் தப்பினார். செருப்பில் ஒட்டிய செம்மண்ணோடு தாஹிரா நேராக ஜெரினின் ஆபீசில் வந்து நின்றார்.

"சமையல்கட்டுக்கு அடியில கெணறு இருக்கு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஜெரினுக்கு அந்தப் புள்ளி வட்டம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் விடுவாரா?

"அக்கா, கெணறு படத்துல இருக்குக்கா. நான் அழிக்கல. சும்மா மறைச்சுத்தான் வச்சிருந்தேன்."

"எனக்கு மறைச்சே, சரி. மண்ணுக்கு மறைச்சியா? அந்த மனுசன் உள்ள போயிருந்தா அவன் பொண்டாட்டிகிட்ட யாரு போயிப் பேசுறது? நீயா? தொற அந்தப் படத்த!"

ஒரு சொடுக்கு. மறைந்ததெல்லாம் திமுதிமுவென்று வந்து சேர்ந்தது: கிணறு, பக்கத்து மனைப் புளியமரம், குறுக்கே ஒரு நீளக் கோடு.

"இது என்ன கோடு?"

"கரண்டுக் கம்பிக்கா."

"எது வழியா போகுது?"

"நீட்டுன சமையல்கட்டு மொட்டமாடி வழியாக்கா."

"யா அல்லாஹ்!" என்று தாஹிரா ஸ்டூலில் உட்கார்ந்தார். படம் மாறி முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை. எதுவும் மறையாத அந்தப் படத்தின் மீது, அவர் கண் முன்னாலேயே, வீடு முழுவதும் பின்னால் நகர்ந்தது. சமையல்கட்டு எதிர் மூலைக்குப் போனது. மறுநாள் ஜெரினே மனைக்குப் போய்க் கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டினார். அந்தக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்றும் கட்டினார்.

திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு வாரம் கழித்து டீக்கடையில் கூட்டாளிகளிடம் அவர் சொன்னதைக் கேளுங்கள்: "நத்தம் ரோட்டுல ஒரு சைட்டு. பொக்லைன் கெணத்துக்குள்ள எறங்கிருச்சு. ஐயா ஒரே நாள்ல பிளான மாத்தி வீட்டக் காப்பாத்திட்டேன்ல!"

சொன்னதில் ஒரு பொய் உண்டா? இல்லை. ஓரம்தான் கொஞ்சம் குறைகிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அது போகட்டும், போன வாரம் மச்சானோடு நடந்த சண்டையை நண்பரிடம் அவ்வளவு உருக்கமாகச் சொன்னீர்களே, எந்த இடத்திலிருந்து ஆரம்பித்தீர்கள்?