குமிழியற்ற நிர்வாகம்

நெருப்பு மனிதனை உயர்த்தியது, சக்கரம் அவனை உருட்டிச் சென்றது என்பார்கள். இருக்கட்டும். அவனைக் கீறல் விழாமல் காத்தது எது? மேலே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான்! இதை நான் விழுப்புரத்தில் கண்ணாரக் கண்டேன்.

நான் ஓய்வு பெற்ற அலுவலகத்துக்கு, மின்விசிறியையும் தேநீரையும் முன்னிட்டு இன்றும் தவறாமல் போய்வருகிறேன். அங்கே மக்கள் தொட்டு மனுக் கொடுக்க ஒரு 'தொடுதிரை' வந்து இறங்கியது. காகித மனு அன்றோடு ஒழிந்தது.

"திறப்பு விழா நடக்குற வரைக்கும் மேல இருக்குற தாளை யாரும் பிரிக்கக் கூடாது" என்று மேலாளர் திருமுருகன் ஆணையிட்டார். அந்தத் தாளே அழுக்காகிவிட்டால்? திண்டிவனத்திலிருந்து ஸ்டிக்கர் கடை பிரவீன்குமாரை வரவழைத்து, தாளின்மேல் இன்னொரு தாளை ஒட்டினார். தொலைநோக்கு!

இரண்டாம் தாளுக்கடியில் ஒரு காற்றுக் குமிழி. அவசரக் கூட்டம் கூடியது. அளவுகோலால் இந்த மூலையில் தேய்த்தால் அது அந்த மூலையில் எழுந்தது. ஊழியர்கள் அசரவில்லை. வந்ததை அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவதில் அவர்களுக்குக் காலங்காலமான அனுபவம்.

அந்த நேரம் பார்த்து முகையூர்ப் பக்கமிருந்து அம்சா வந்தார். வயல் வேலை செய்பவர். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு. திரையைத் தொட்டார். தடவினார். பிறகு குத்தினார்.

"இன்னா சார் இது? குத்திக்கினே இருக்கறேன், ஒண்ணும் வர்ல?"

"நகம் படாம தொடுங்கம்மா! தாள் கிழிஞ்சிடப் போவுது" என்றார் திருமுருகன்.

"எங்க தெருக் கொழாயத் தொறந்தா காத்துதான் வருது. கூலிய வுட்டுட்டு இங்க வந்தா, இதுலயும் காத்து!"

"அது காத்து இல்லம்மா, குமிழி. நடவடிக்கையில இருக்குது."

"நல்ல பேஜாரு புடிச்ச எடம்பா" என்ற அம்சா, மல்லாட்டை என்னும் வேர்க்கடலையை உரித்துப் பழகிய கட்டைவிரல் நகத்தைத் திரையின் ஓரத்தில் நுழைத்தார். சர்ரென்று ஓர் இழுப்பு. இரண்டு தாளும் கையோடு வந்தன.

திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. நாலு தட்டு தட்டியதும், 'உங்கள் மனு ஏற்கப்பட்டது' என்றது.

"வந்துச்சு பாத்தீங்களா! எப்ப சார் தண்ணி வரும்?"

திருமுருகன் அதற்குள் திரையின் முன் வந்துவிட்டார். அதே திரையில் இரண்டாவது மனுவைப் பதிந்துகொண்டிருந்தார்: 'பாதுகாப்புத் தாள் பிய்க்கப்பட்டது. மிக அவசரம்.'

அரசு இயந்திரம் ஆமை வேகம் என்று தூற்றுவோர் வாயை மூடட்டும். மதியச் சாப்பாட்டுக்குள் பிரவீன்குமார் திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி டோல்கேட்டையும் தாண்டிப் பறந்து வந்துவிட்டார். புதுத் தாள். தேடினாலும் குமிழி கிடைக்காது.

அம்சாவின் மனுவா? அதுவும் பத்திரமாகத்தான் இருக்கிறது, தாளுக்கு அடியில். இன்றுவரை ஒருவர் கையும் அதன்மேல் படவில்லை.